உள்ளே யார் யார்

"உங்கள் கடிகாரம் பின்தங்கியுள்ளது"
என்கிறது திரை.
பதினொரு நாளாய் இதே பேச்சு.
கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும்
அதற்கு 2012 ஜனவரி ஒன்று,
நள்ளிரவு தாண்டி மூன்று நிமிடம்.
வெளியே ஆனி மாதக் காற்று
கூரைத் தகரத்தை நெம்பிக்கொண்டிருக்கிறது.

பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிக்கு மூன்று பேர்,
வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பம் அனுப்ப ஒருவர்,
எல்லாரும் என் மேசைக்கு முன்னால்.
எந்தப் பக்கத்தையும் திறக்க மாட்டேன் என்கிறது
ஹட்டனில் முப்பத்தெட்டாயிரம் கொடுத்து
அப்கொட் வரைக்கும் மடியில் வைத்துக்
கொண்டுவந்த பெட்டி.

"போர்ட் என்ன போர்ட் மிஸ்?
தொறந்து பாத்துச் சொல்லுங்க," என்றான் கடைக்கார மோசஸ்ராஜ்.
அடுத்த காம்பராவிலிருந்து
தையல் மெஷின் திருப்புளியோடு மெட்டில்டா அக்கா வந்தார்.
நான்கு ஆணிக்கு இடம். மூன்றுதான் இருந்தன.
வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன்.
பக்கத் தகடு விலகியதும் அக்கா மூக்கைச் சுளித்தார்:
"இது நம்ம ஊரு தூசி இல்ல. கொழும்புத் தூசி."
விசிறி இதழில் ஒட்டியிருந்தது
ஒரு கரப்பானின் காய்ந்த செட்டை.

அக்கா போன் வெளிச்சம் பிடிக்க
நான் ஆள் அடையாளம் பார்த்தேன்.

மூலையில் கனமாய்,
மஞ்சளும் சிவப்புமாய்க் குடல் சரிந்து, பவர் சப்ளை.
"பிடுங்கினாலும் அதுக்குள்ள கரண்ட் தூங்கும்"
என்று மோசஸ்ராஜ் சொல்லியிருந்தான்.
அக்கா ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

நடுவில் விசிறி. அதன் அடியில் அலுமினியச் சீப்பு.
அதற்கும் அடியில், கண்ணில் படாமல், புரொசசர்.
"அப்ப தொரை இவருதான்.
பங்களாவ விட்டு வெளிய வரமாட்டாரு,
காத்து வீச மட்டும் ஆளு வேணும்."

சோப்புக்கட்டியைவிடச் சற்றுப் பெரிதாய் ஹார்ட் டிஸ்க்.
தாய்லாந்தில் பிறந்ததாம், நெற்றியில் எழுதியிருக்கிறது.

இரு முனையிலும் கிளிப் கவ்விய பச்சைச் சட்டம், ராம்.
பில்லில் எட்டு ஜிபி.
சட்டத்தில் ஒட்டிய தாளில் நான்கு.
பக்கத்துப் பள்ளத்தில் யாருமில்லை.
விரலால் தடவினேன், பஞ்சு மாதிரி வந்தது தூசி.
"நிறுவையில வெட்டிட்டான்," என்றார் அக்கா.
இருபத்திரண்டு வருசம் கொழுந்து நிறுக்கக் கொடுத்தவர்,
இன்னொரு முறை பார்க்கத் தேவைப்படவில்லை.

போர்டின் பெயர் கடுகைவிடச் சின்ன எழுத்து.
பில்லின் பின்பக்கம் எழுதிக்கொண்டு
சிக்னல் கிடைக்கும் தண்ணித் தொட்டி மேட்டுக்கு ஏறினேன்.
கணுக்காலில் ரெண்டு அட்டை.
"நேரந்தானே பிந்துது? ஒண்ணுமில்ல மிஸ்,
போர்டுல வட்டமா ஒரு பேட்டரி,
ரெண்டு ரூபா குத்தியாட்டம் இருக்கும்,
அத மாத்துங்க."
"சரி. ராம் ஏன் நாலு?"
"ஹலோ... மிஸ்... லைன் சரியில்ல, கேக்கல."

வட்டம் இருந்தது.
இத்தனை நேரம் வெளிச்சத்தில் மின்னிக்கொண்டு
எங்கள் கண்ணெதிரேதான் இருந்தது;
அலங்காரம் என்று விட்டிருந்தோம்.
நகத்தால் நெம்ப, துள்ளி மடியில் விழுந்தது.

மணி ஏழு. கடையெல்லாம் பூட்டியாயிற்று.
அக்கா அந்தக் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார்.
திரும்பி வந்தபோது உள்ளங்கையில் அதேபோல் ஒன்று.
"மாதா சுரூபத்துல முடி மின்னுமில்ல, அதுல இருந்தது.
ஒரு ராத்திரி இருட்டுல இருப்பாங்க,
கோவிக்க மாட்டாங்க."

வருசம், மாதம், தேதி,
ஒவ்வொன்றாய் ஏற்றிக் கொடுத்தேன்.
மெயினை அணைத்தேன், போட்டேன். மறக்கவில்லை.
பதினொரு நாளில் முதல் முறையாய்ப் பக்கம் திறந்தது.

முதல் விண்ணப்பத்தில் தகப்பன் பெயரைத் தட்டும்போது
சுவருக்கு அந்தப் பக்கம் தீக்குச்சி உரசும் சத்தம்.
ஒன்று. நமுத்துப்போயிருக்கும். இன்னொன்று.

நாளைக்கு அப்கொட் போனால்
ரெண்டு பேட்டரி வாங்க வேண்டும்.
மோசஸ்ராஜுக்கு இன்னொரு தரம் போன் எடுக்க வேண்டும்,
அக்காவை விட்டுப் பேசச் சொல்லி.